பொருந்தாது என்று நான் கையெழுத்துப் போட்ட வரி

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய அலுவலகத்துக்காரர்கள் இன்னமும் என்னை விட்டபாடில்லை. போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் கிளம்பியபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள். “சார், லேயரோட அடுத்த பெரிய வெர்ஷன் வந்துடுச்சு. எங்களை மாத்தச் சொல்லிட்டாங்க. போன தடவை நீங்க மாத்தினப்போ என்னெல்லாம் ஆச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்” என்றாள். ரெண்டு பக்கமாம்! நான் என்ன, மளிகைப் பட்டியலா எழுதப்போகிறேன்? சொல்ல ஆரம்பித்தால் முழுசாகச் சொல்வேன், பொறுமை இருப்பவர்கள் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் இந்த லேயர் என்றால் என்ன என்று கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குப் புரியவில்லை என்றால் நான் எழுதியது வீண். ஓட்டலில் நாம் மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம். சமையலறை உள்ளே இருக்கிறது. நடுவில் போய்வருபவர் சர்வர். நாங்கள் எழுதும் புரோகிராம் மேஜையில் உட்கார்ந்திருப்பவர். விவரங்கள் குவிந்து கிடக்கும் டேட்டாபேஸ்தான் சமையலறை. நடுவில் ஓடும் சர்வர்தான் லேயர். எங்கேயோ வெளிநாட்டில் யாரோ எழுதிக் கொடுக்கும் சரக்கு அது. உலகம் முழுக்க ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. எங்கள் அலுவலகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. லேயர் என்றால் லேயர், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்து வளர்ந்தது பம்மல். பி.எஸ்சி. கணக்கு. தாம்பரம் மேற்கில் மாடியில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தேன். பன்னிரண்டு பேருக்கு மூன்று மெஷின், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். அப்புறம் இரண்டு வருடம் டேட்டா என்ட்ரி. அப்புறம் சேலையூரில் ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த இந்தக் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தேன். மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுப்பது எங்கள் தொழில். நோயாளியைச் சேர்ப்பதிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது வரை எல்லாம் எங்கள் திரைகளில்தான் நடக்கும். சேர்ந்த கம்பெனியிலேயே ஓய்வும் பெற்றேன். எத்தனை பேர் ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஓடினார்கள்! நான் ஓடவில்லை. ஓடத் தெரியாமல் இல்லை.

ஆரம்பத்தில் லேயரெல்லாம் கிடையாது. டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியையும் நானே கையால் எழுதினேன். எந்த அட்டவணையிலிருந்து எந்தப் பத்தியை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் என் விரல் நுனியில் இருந்தது. பிறகு லேயர் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் சமையலறைக்குள் நான் போக எனக்கு எதற்கு ஒரு ஆள்? ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பழகிய பிறகு அது சுகமாகத்தான் இருந்தது. நோயாளியைக் கொண்டு வா என்றால் கொண்டு வரும். அந்த நோயாளியின் வார்டு என்ன என்று எட்டிப் பார்த்தால், கேட்காமலே ஓடிப்போய் அதையும் எடுத்து வந்துவிடும். தோசை சொன்னால் சாம்பார், சட்னி எல்லாம் தானாக வருகிற மாதிரி. நல்ல சர்வருக்குப் பழகிய நாக்கு எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டேன் நான்.

ஸ்டெல்லா மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்தது அந்தக் காலத்தில்தான். என்னைவிட எட்டு வயது சின்னவர். அது எனக்கு வர வேண்டிய நாற்காலி என்று நினைத்து மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே என்னை “அண்ணா” என்றுதான் கூப்பிட்டார். நான் வீம்புக்கு “மேடம்” என்றேன், அதுவே நிலைத்துவிட்டது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அடுத்தவர் கீபோர்டில் கை வைக்கவே மாட்டார். பின்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்ப்பார். தப்பு அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். நாமே கண்டுபிடிக்கிற வரை பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு நிற்பார். அந்த வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டால் எழுதியதை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவோம்.

லேயரின் பெரிய வெர்ஷன் வந்தது அதற்குச் சில வருடம் கழித்து. பெயர்தான் வெர்ஷன். உண்மையில் பழையதை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாகவே எழுதியிருந்தார்கள். பழையதற்கு இனி பராமரிப்பு கிடையாது என்று அறிவித்தும் விட்டார்கள். “அப்டேட் தானே, ஒரு பட்டனைத் தட்டினா முடிஞ்சுது” என்று எங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவர் சொன்னார். அட போய்யா என்று வாய் வரை வந்தது. புது வெர்ஷனோடு கூடவே ஒரு பட்டியல் வரும். எதெல்லாம் இனி பழைய மாதிரி நடக்காது என்று வரி வரியாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் அதை யாரும் படிக்க மாட்டார்கள். மாற்றிப் பார், எது உடைகிறதோ அதை ஒட்டு, முடிந்தது வேலை.

மேடம் அப்படி விடவில்லை. வாசிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். தினம் காலை ஒன்பதரைக்கு ஐந்து பேரும் சின்ன அறையில் உட்கார வேண்டும். ஒருவர் எழுந்து நின்று பட்டியலில் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் மூன்று பதிலில் ஒன்று சொல்ல வேண்டும்: பொருந்தும், பொருந்தாது, தெரியாது. மேடம் ஒரு நீள நோட்டில் அதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்குவார். தெரியாது என்றால் அவருக்கு ரொம்ப சந்தோஷம். “நல்லது, போய்ப் பாத்துட்டு வாங்க” என்பார். பொருந்தாது என்றால் மட்டும் விட மாட்டார். “எங்க பாத்தீங்க?” என்று கேட்பார். எந்தத் திரை, எந்த ஃபைல், எந்த வரி என்று சொன்னால்தான் பேனா நகரும்.

இருபத்து மூன்று வயதுப் பையனை நிறுத்தலாம், ஐம்பத்து மூன்று வயது மனுஷனை எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்வதா என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் படித்தேன். என் குரல் நல்ல கணீரென்ற குரல் வேறு. கீழே ஹார்டுவேர் கடைக்காரர் ஒருநாள் படியில் நிறுத்தி, “இன்னா சார், மேல தெனம் காலைல ஜெபக் கூட்டமா?” என்று கேட்டார்.

மேடம் அந்த மாற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். கத்துகிற மாற்றம், கத்தாத மாற்றம். கத்துகிற மாற்றம் என்றால் புரோகிராம் அங்கேயே நின்று, எனக்கு இது முடியாது என்று சிவப்பில் சொல்லிவிடும். அப்படி ஒன்று என்னிடமே கத்தியது. எங்கள் மாதாந்திர அறிக்கை ஒன்று, வயதை வைத்து நோயாளிகளைப் பிரித்துக் காட்டும். பழைய லேயரில் அது பத்து வருடம் ஓடியது. புதியதில் முதல் நாளே நின்றுவிட்டது. நான் கொதித்துப்போனேன். பிறகு தோண்டிப் பார்த்தால், நான் கேட்ட கேள்வியை டேட்டாபேஸுக்குப் புரிகிற மாதிரி மாற்ற லேயருக்குத் தெரியவில்லை. பழைய லேயர் அதைச் சொல்லாமல், மருத்துவமனையின் மொத்த நோயாளிகளையும் நம் மெஷினுக்கு அள்ளிவந்து, இங்கே உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் மாதக் கடைசியில் எல்லா மெஷினும் மூச்சு வாங்கியது. நாங்கள் பத்து வருடமாக நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். புதியது, அப்படியெல்லாம் அள்ளிவர மாட்டேன், ஒழுங்காகக் கேள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. ஒழுங்காகக் கேட்டேன். அறிக்கை கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. அன்று எல்லாருக்கும் நான்தான் மெதுவடை வாங்கிக் கொடுத்தேன்.

கத்தாத மாற்றம்தான் ஆபத்து. புரோகிராம் ஓடும், திரை வரும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும்.

நான்காம் நாள் வாசிப்பில் அப்படி ஒரு வரி வந்தது. தொடர்புள்ள விவரங்களை இனி லேயர் தானாகப் போய் எடுத்துவராது. வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று சொன்ன வரி அது. தோசை கேட்டால் தோசை மட்டும்தான். சாம்பார் வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காலிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே சாம்பார் இல்லையா, நாம் கேட்கவில்லையா என்று அந்தக் கிண்ணத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நோயாளி விவரம் முழுக்க என் பொறுப்பு. “பொருந்தாது” என்றேன்.

“எங்க பாத்தீங்க அண்ணா?”

“பாக்கவே வேணாம் மேடம். அது பூரா நான் எழுதினது. கையால எழுதின காலத்திலேர்ந்தே எனக்கு என்ன வேணுமோ அதைக் கேட்டு வாங்கற பழக்கம். தானா வர்றதை நம்பி நான் ஒரு வரி எழுதினது கிடையாது.”

மற்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். மேடம் நோட்டில் ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினார். “பார்க்கவில்லை. தனசேகர் சொன்னார்” என்று எழுதியிருந்தது. சுருக்கென்றது. ஆனாலும் வீம்புக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் மாற்றி முடித்தோம். சோதனைகள் எல்லாம் தேறின. முதலில் போட வேண்டிய இடம், தாம்பரத்திலிருந்து படப்பை போகும் வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப்படாமல் ஒரு வாரம் பழைய மெஷினும் புது மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். சிகிச்சை எல்லாம் பழைய திரையைப் பார்த்து. புதுத் திரை சும்மா ஒப்பிட. அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பழையதை நிறுத்திவிட்டுப் புதியது. ஆண்கள் வார்டில் உட்கார்ந்து பார்க்க என்னைப் போட்டார்கள். முதல் மூன்று நாள் புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் புது மெஷினில் ஏற்றினோம். ஒரு பிசகும் இல்லை. வியாழக்கிழமை காலை, ஏற்கெனவே படுக்கையில் இருந்தவர்களின் பழைய விவரங்களையும் ஏற்றினோம்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வார்டின் மூத்த நர்ஸ் சாந்தி சிஸ்டர், ஊசித் தட்டோடு ஏழாம் படுக்கைக்குக் கிளம்பினார். அங்கே இருந்தவர் முனுசாமி, பம்மலில் டிபன் கடை நடத்துபவர். காலில் புண் புரையோடி ஒரு வாரமாகப் படுத்திருந்தார். ட்யூட்டிக்குப் புதிதாக வந்த டாக்டர் பென்சிலின் வகை ஊசி எழுதியிருந்தார். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மருந்துத் திரையின் தலைப்பில் ஒரு பட்டை வரும். ஒவ்வாமை இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சையில் “ஒவ்வாமை எதுவும் இல்லை”. பழைய மெஷினில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்ததால் சிஸ்டர் என் பக்கத்தில் இருந்த புதுத் திரையைப் பார்த்தார். பச்சை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இன்னா ஊசிமா அது?” என்று முனுசாமி கேட்டார். சிஸ்டர் பெயரைச் சொன்னார்.

“ஐயய்யோ, அது எனக்கு ஆவாதுமா. போன வருசம் இங்கதான் போட்டாங்கோ. சும்மா டெஸ்டுக்குன்னு ஒரு சொட்டு போட்டதுக்கே மூஞ்சி வீங்கிகினு மூச்சு வுட முடியல. ஒரே பேஜாராப் பூட்ச்சு.”

“கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லன்னு வருதே ஐயா. அது வேற ஊசியா இருக்கும், நல்லா ஞாபகம் பண்ணிப் பாருங்க.”

முனுசாமி திரை இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். “கம்பூட்டர்லயே இல்லன்னு கீதா? அப்ப வேற ஊசியோ இன்னாவோ. எனக்கு இன்னாமா தெரியும். நீ போடு” என்று கையை நீட்டிவிட்டார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “சிஸ்டர், போடாதீங்க! நிறுத்துங்க!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய்ப் பழைய மெஷினில் இருந்த டாக்டரை “கொஞ்சம் நகருங்க சார்” என்று ஒதுக்கிவிட்டு முனுசாமியின் எண்ணைத் தட்டினேன். சிவப்பு. பென்சிலின், மூச்சுத் திணறல் என்று போன வருடம் யாரோ ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தார்கள். புது மெஷினில் தட்டினேன். பச்சை. சிஸ்டர் ஊசித் தட்டை மேஜையில் வைத்துவிட்டார்.

பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மருந்துத் திரை நான் எழுதியதுதான். நோயாளியைக் கேட்டிருந்தேன்; அவருடைய ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்கவில்லை. பழைய லேயர் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததில், நான் கேட்டுத்தான் வாங்கினேன் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். புது லேயர் காலிப் பட்டியலைக் கொடுத்தது. பட்டியல் காலியாக இருந்தால் பச்சை என்று எழுதியவனும் நானே. சோதனையில் ஏன் அகப்படவில்லை? சோதனை வரிசையையும் எழுதிய மகானுபாவன் நான்தான். மூன்றாவது படி, ஒவ்வாமையைப் பதிவு செய். நான்காவது படி, மருந்துத் திரையைத் திற. ஒரே அமர்வில், அதாவது புரோகிராமை மூடாத வரை, சற்றுமுன் பதிந்ததை லேயர் நினைவில் வைத்திருக்கும். நான்காவது படியில் அதையே எடுத்து நீட்டிவிடும். நூறு தடவை சோதித்தால் நூறு தடவையும் சிவப்புத்தான் வரும். வார்டில் எந்த நர்ஸ் ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வாமையைப் பதிந்துகொண்டிருப்பார்? முதல் மூன்று நாளில் சேர்ந்தவர்கள் ஒருவருக்கும் ஒவ்வாமை இல்லாததால் பச்சையும் சரியாகவே இருந்தது.

வராந்தாவுக்குப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், நான் பொருந்தாதுன்னு சொன்னேனே, அந்த வரி. பொருந்தும்.”

“எங்க பாத்தீங்க அண்ணா?”

“வார்டுல.”

“யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

“இல்ல மேடம். கையை நீட்டிட்டாரு. நிறுத்திட்டேன்.”

“சரி. எல்லா வார்டுலயும் புது மெஷினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு விடாம நீங்களே போய்ப் பாருங்க. நான் கிளம்பிட்டேன்.”

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மதியம் நிர்வாக அதிகாரியின் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை தொடக்க விழாவுக்கு அழைப்பிதழே அடித்துவிட்டார்கள். அவருக்குத் தேதி தள்ளிப்போகக் கூடாது என்பதுதான் கவலை. ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். சாந்தி சிஸ்டருக்கு மெமோ. பழைய திரையைப் பார்த்தே சிகிச்சை என்ற விதியை மீறினார், ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. “ரூல் ரூல்தானே சார்? அந்தம்மா பழைய மெஷினைப் பாத்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. உங்க சாஃப்ட்வேர்ல சின்னதா ஏதோ இருந்தா சரி பண்ணிக்குங்க. திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது” என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “இன்னா சார் பேசறீங்க? அவங்க பாத்தது நான் எழுதின திரை. பச்சைன்னு காட்டினது நான். திங்கட்கிழமைக்கு அப்புறம் எல்லாரும் அதைத்தானே பாக்கப் போறாங்க? அப்ப யாருக்கு மெமோ குடுப்பீங்க?” என்று கத்திவிட்டேன். மேடம் என் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தார். பையிலிருந்து நீள நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, மெமோவின் மேலேயே வைத்தார்.

“சார், இந்த மாற்றம் வரும்னு எங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். எழுதியே வெச்சிருக்கோம். பாக்காம விட்டது நாங்க. இவர் சொன்னாரு, நான் ஒத்துக்கிட்டேன். கையெழுத்து ரெண்டு பேருதும் இருக்கு. மெமோ எழுதணும்னா இந்தப் பக்கத்தைப் பாத்து எழுதுங்க.”

அப்போதுதான் கவனித்தேன். அந்த வரிக்கு எதிரே என் கையெழுத்துக்குக் கீழே அவருடையதும் இருந்தது. நான் போன பிறகு போட்டிருக்கிறார். என்னை மாட்டிவிட எழுதிய குறிப்பு என்று இரண்டு மாதம் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேனே, அந்த மனுஷி தானும் கூடவே நின்றிருக்கிறார். அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மெமோவை எடுத்து மடித்து இழுப்பறைக்குள் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து பதினைந்து நாள் தருகிறேன், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்றார்.

மருந்துத் திரையைச் சரிசெய்ய எனக்குக் கால் மணி நேரம் போதும். ஒரே வரி: நோயாளியைக் கேட்கும்போது ஒவ்வாமையையும் சேர்த்துக் கேள். அதோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நான் எழுதிய எல்லாத் திரைகளையும் முதல் வரியிலிருந்து படித்தேன். யாரும் சொல்லவில்லை, நானே ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் எங்கே பார்த்தேன் என்று எழுதினேன். தன் எழுத்தைத் தானே படிக்கிற தண்டனையை யாருக்கும் கொடுக்காதீர்கள். தானாக வருவதை நம்பிய இடம் இன்னும் ஒன்பது அகப்பட்டது. ஒரு வரிகூட எழுதியதில்லை என்று மார் தட்டியவன் நான். சோதனை வரிசையையும் மாற்றினேன். மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே, புரோகிராமை மூடிவிட்டு மறுபடி திற என்று ஒரு படி.

அப்புறம்தான் நான் பெரிதாகச் சண்டை போட்டது. பட்டியல் காலியாக இருந்தால் பச்சை காட்டக் கூடாது என்றேன். ஒருவர் நோயாளியிடம் கேட்டு, இல்லை என்று அவர் சொல்லி, அதைப் பதிந்தால் மட்டும் பச்சை. பதிவே இல்லாவிட்டால் மஞ்சள். அதில் “இன்னும் கேட்கவில்லை” என்று எழுதியிருக்க வேண்டும். கேட்டால்தான் தருவேன் என்று புது லேயர் எனக்குச் செய்ததைத்தான், திரையைக் கொண்டு நர்ஸுகளுக்கு நான் செய்யப் பார்த்தேன். நிர்வாக அதிகாரிக்கு அது பிடிக்கவேயில்லை. “பழைய பதிவுல முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் எழுதலை சார். அத்தனையும் மஞ்சளாயிடும். பாக்க அசிங்கமா இருக்கும், நோயாளிங்க பயப்படுவாங்க” என்றார். விற்பனைப் பிரிவும் அவர் பக்கம். மேடம் மட்டும் என்னைப் பார்த்து, “வேணும்னு தோணுதா அண்ணா?” என்று கேட்டார். வேணும் என்றேன். “அப்ப இருக்கட்டும்” என்றார். அதற்கப்புறம் அந்த மஞ்சளை யார் எடுக்கச் சொன்னாலும் பதில் சொன்னது அவர்தான், நானில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து நீ என்னத்தைக் கிழித்தாய் என்று யாராவது கேட்டால் அந்த மஞ்சள் பட்டையைக் காட்டுவேன். இப்போது எங்கள் சாஃப்ட்வேர் ஓடுகிற எல்லா இடத்திலும் அது இருக்கிறது. அதற்கு யாரும் எனக்கு விருது கொடுக்கவில்லை, சால்வை போர்த்தவில்லை. போர்த்தினாலும் அது எனக்குக் குறைச்சல்தான்!

அந்தக் கெடுவின் பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பழைய மெஷினை நிறுத்தினோம். எங்கே உட்காரப்போகிறீர்கள் என்று மேடம் முன்னாடியே கேட்டபோது வார்டில் என்று சொன்னேன். சாந்தி சிஸ்டருக்கு அந்த வாரம் பெண்கள் வார்டு. நானும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அவர் புதுத் திரையில் வார்டு நோயாளிகளின் பட்டியலைத் திறந்தார். வரிசையாக மஞ்சள். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, மற்றதெல்லாம் மஞ்சள்.

“இன்னா சார் இது, வார்டே மஞ்சளா கீது?” என்றார். “காலையில எனக்கு இருக்கற வேலைல இதை வேற பாக்கணுமா? நீங்களே பச்சையாக்கி வுடுங்க சார்.”

“என்னால ஆக்க முடியாது சிஸ்டர். அவங்களைப் போய்க் கேட்டாத்தான் மாறும்.”

“நல்லா பண்ணீங்க போங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. முதல் படுக்கையில் கேட்டார், ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் படப்பைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், கட்டட வேலை. சிறுநீரில் தொற்று என்று நான்கு நாளாகப் படுத்திருந்தார். ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று சிஸ்டர் அவசரமாகக் கேட்டார்.

“சல்பான்னு ஒரு மாத்திரைமா. போட்டா ஒடம்பெல்லாம் கொப்புளிச்சுத் தோலு உரியும். சீட்டு எழுதி வெச்சிருக்கேன்” என்று தலையணைக்கடியிலிருந்து பையை எடுத்து, கிழிந்துபோன ஒரு சீட்டை நீட்டினார்.

சிறுநீர்த் தொற்றுக்கு எழுதுகிற மருந்துகளில் அதுவும் ஒன்று. சிஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். “நாலு நாளா இங்கதானே இருக்கீங்க? ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“நீங்க யாரும் கேக்கலையேம்மா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூச்சமில்லாமல் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். சாந்தி சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்து, சீட்டைக் கீபோர்டு பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகத் தட்டினார். மஞ்சள் சிவப்பானது. எழுந்து நான்காவது படுக்கைக்குப் போனார்.